பதின்மூன்றாவதாக வைத்த கல்

2023 ஜூலை 3, திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு, சிப்பிமேடு நாற்சந்தியில் கறிக்கோழிக் கடை வைத்திருக்கும் கொளஞ்சியம்மாளின் வீட்டு அடைக்கூடையில், பன்னிரண்டு முட்டைகளும் பொரிந்து முடித்த பிறகு, பதின்மூன்றாவதாக வைத்திருந்த கல் பொரிந்தது.

அடைக்கூடையில் கல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அடை வைக்கிறவர்கள் கூடையில் மணல் பரப்பி, இடிச் சத்தத்துக்கு முட்டை கலங்காமலிருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டு, முட்டைகளை ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். கொளஞ்சியம்மாளிடம் அன்றைக்கு இருந்தது பன்னிரண்டு. வேறு யாராக இருந்தாலும் ஒன்றை எடுத்து ஆம்லெட் போட்டுவிட்டுப் பதினொன்றை வைத்திருப்பார்கள். ஆனால் இருப்பதிலிருந்து ஒன்றைக் குறைப்பது அவளுக்கு ஆகாத காரியம். நாற்பத்து மூன்று வயதுக்குள் அவளிடமிருந்து மற்றவர்கள் குறைத்ததே போதும் என்றிருந்தாள். புருஷன் செத்தபோது, பிள்ளையில்லாதவள் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வாரிசுப் பட்டியலில் அவள் பெயரை விட்டுவிட்டு, ஏரிக்கரையிலிருந்த இரண்டு ஏக்கரைக் கொழுந்தன் பழமலை சுண்ணாம்புக்கல் கம்பெனிக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்து, அந்தக் கம்பெனியிலேயே சுரங்க மேற்பார்வை வேலையும் வாங்கிக்கொண்டான். பன்னிரண்டோடு ஒன்றைக் கூட்ட அந்த நிலத்தின் ஓரத்துக்குத்தான் அவள் போனாள். சிறிய தேங்காய் அளவில் உருண்டையாக ஒரு கல் கிடந்தது. எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

பழமலை சுரங்க வாசலிலிருந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்னா அண்ணி, கல்ல அவிச்சுத் திங்கப் போறியா?"

"உங்கண்ணன் சொத்துல எனக்கு மிஞ்சினது இதாண்டா. அவிச்சாலும் சுட்டாலும் என் பாடு" என்றாள்.

கருப்பி என்ற அந்த நாட்டுக்கோழி, சின்ன உடம்பை எவ்வளவு விரிக்க முடியுமோ அவ்வளவும் விரித்து, பன்னிரண்டு முட்டையையும் ஒரு கல்லையும் இருபத்தொரு நாள் அடைகாத்தது. பன்னிரண்டும் தேறியதைத்தான் ஊர் முதலில் பேசியது. ஒன்றுகூடக் கூமுட்டையாகாமல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பொரித்த கோழியை யாரும் பார்த்ததில்லை. கல் பொரிந்ததை அதற்குப் பிறகுதான் பேசினார்கள்.

வந்தது இரண்டு காலில் நின்றது. காலுக்கு மூன்று விரல், உடம்பெல்லாம் செதில், வாய் நிறைய ஊசிப் பல், கை என்று சொல்ல இரண்டு பக்கமும் மிளகாய்க் காம்பு போல ஏதோ ஒன்று. ஈரம் காய்ந்ததும் அது மற்றக் குஞ்சுகளோடு கருப்பியின் இறக்கைக்குள் போக முண்டியது. கருப்பி அதை ஒரு கண்ணால் பார்த்தது, தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது, பிறகு இறக்கையைத் தூக்கிவிட்டது. ஒற்றைப்படைக்காக வைத்தது என்பதால் கொளஞ்சியம்மாள் அதற்கு ஒத்தை என்று பெயர் வைத்தாள்.

அந்த ஆவணி மாதம் சிப்பிமேட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூடப் பிறக்கவில்லை. கோழி வைத்திருந்த எல்லோரும் முட்டையை எடுத்துவிட்டு ஏரிக்கரைக் கற்களை அடை வைத்ததே காரணம். இருபத்தொரு நாள், நாற்பது நாள், சில வீடுகளில் அறுபது நாள் வரை கோழிகள் கல்லின்மேல் மெலிந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றும் பொரியவில்லை. கடைசியில் கற்களைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அடியில் போட்டு நிரப்பிவிட்டு, கொளஞ்சிக்குக் கைராசி என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தார்கள்.

ஒத்தை வளர்ந்தது. பொங்கலுக்குச் சைக்கிள் உயரம், சித்திரையில் கறவை மாட்டு உயரம், ஆடியில் கடைக் கூரையின் உயரம். காலையில் கடைவாசலில் உட்கார்ந்து, கோழி வெட்டிக் கழித்த குடலையும் தலையையும் காலையும் தின்றுவிட்டு, பகலெல்லாம் கருப்பியின் பின்னால் குப்பைமேட்டில் காலால் கிளறிக்கொண்டு திரிந்தது. அது ஒரு கிளறு கிளறினால் மூன்றடிப் பள்ளம் விழும். குழி வெட்ட வேண்டியவர்கள், தென்னங்கன்று வைக்கிறவர்கள், கருப்பியை அந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் விட்டு அரிசி தூவினார்கள், ஒத்தை தானாக வந்து கிளறிக் கொடுத்தது. கடலைக் கொல்லைகளுக்குக் காட்டுப்பன்றி வருவது நின்றது. ஊர் நாய்கள் எட்டும் ஒரே நாளில் பக்கத்து ஊருக்குக் குடிபோயின, அந்த ஊர்க்காரர்கள் வந்து திருப்பி அழைத்துக்கொள்ளச் சொல்லிச் சண்டை போட்டார்கள். டவுன் பஸ் டிரைவர் முதல் வாரம் நாற்சந்திக்கு வர மறுத்தார், இரண்டாம் வாரம் தூரத்திலேயே ஹாரன் அடித்தார், மூன்றாம் வாரத்திலிருந்து ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏய், ஓரமாப் போ கழுத" என்று திட்ட ஆரம்பித்தார். அத்தோடு ஊர் அதை முழுக்க ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

2024 பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வந்தது. கொளஞ்சியம்மாள் கூடையில் கோழிகளும், பின்னால் ஒத்தையுமாக வரிசையில் நின்றாள். கால்நடை மருத்துவர் ரெஜினா மேரி ஊசியைக் கையில் பிடித்தபடி அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்குமா கொளஞ்சி?"

"கோழிக்குத்தானே ஊசி? எல்லாக் கோழிக்கும் போட்டுட்டு இத மட்டும் வுட்டா, நாளைக்கு இதுக்குக் கழிச்சல் வந்தா நீங்களா வந்து அள்ளுவீங்க?"

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சீக்கிரம் போடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். மருத்துவர் பதினாறு கோழிக்கு உரிய மருந்தை ஒத்தையின் தொடையில் போட்டுவிட்டு, பதிவேட்டில் கொளஞ்சியம்மாள் பெயருக்கு நேரே எண்ணிக்கையில் அதையும் சேர்த்து எழுதினார். பிறகு கடைக்கு வந்து உட்கார்ந்து டீ குடித்தார்.

"இது டைனோசர்தான், தெரியுமில்ல உனக்கு?"

"டீவியில பாத்தேன். பேரு என்னாவா வேணா இருக்கட்டும். நெஞ்சத் தடவிப் பாத்தேன் டாக்டரம்மா, கவட்டெலும்பு இருக்கு." வெட்டிக்கொண்டிருந்த கோழியின் நெஞ்சுக்குள் விரலை விட்டு, இரண்டு பக்கமும் கிளைத்த அந்தச் சின்ன எலும்பை உருவி மேசையில் வைத்தாள். "ஆட்டுக்குக் கெடையாது, மாட்டுக்குக் கெடையாது, உடும்புக்கும் கெடையாது. இருபது வருஷமா வெட்டறேன், கோழிக்குத்தான் இருக்கு. தொட எலும்ப ஒடைங்க, உள்ள பொந்து. போன மாசம் இதுக்கு வாலு நுனி அடிபட்டு எலும்பு துண்டா வந்துச்சு, அதுலயும் பொந்து. எனக்கு வேற என்னா சொல்லணும்?"

ரெஜினா மேரி அந்த எலும்பைக் கையில் எடுத்தார். வேலையில் சேர்ந்த இந்தப் பதினோரு வருடத்தில் தனக்கு யாரும் இப்படிப் பாடம் எடுத்ததில்லை என்று பின்னால் அவர் தன் அலுவலகத்தில் சொன்னதாகக் கேள்வி.

ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குத்தகை நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட கல், கம்பெனிக்குச் சொந்தமான கனிமம், அதிலிருந்து உண்டானதும் கனிமமே, பதினைந்து நாளுக்குள் ஒப்படைக்காவிட்டால் கனிமத் திருட்டு வழக்கு என்று அதில் இருந்தது. கடிதத்தில் இல்லாததைப் பழமலை வந்து சொன்னான். கம்பெனி அலுவலக முகப்பில் முப்பதடிக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டி முடித்தாகிவிட்டது, உயிரோடு வைத்துத் தீனி போட அவர்களுக்கு உத்தேசமில்லை, எலும்பை மட்டும் கோத்து நிறுத்தப்போகிறார்கள்.

"பேசாமக் குடுத்துரு அண்ணி. கேஸுன்னு போனா ஜெயிலு. ஒரு பல்லிக்காவப் போயி."

"பல்லிக்கா? நெலத்தக் கேட்டப்பவும் இதத்தாண்டா சொன்ன. ஒரு கட்டாந்தரைக்காவப் போயின்னு." கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள். "அப்ப எனக்கு அழுவத்தான் தெரிஞ்சுது. போயிச் சொல்லு, கொளஞ்சி தர மாட்டாளாம்னு."

வனத்துறையிலிருந்து ஒருவர் வந்தார். பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தார், இதன் பெயர் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மிச்சமிருந்தது தாசில்தார்.

விசாரணை ஆகஸ்ட் 7, புதன்கிழமை, சிப்பிமேடு சேவை மையக் கட்டடத்தில் நடந்தது. உள்ளே தாசில்தார், எழுத்தர், கம்பெனி வக்கீல், சாட்சியாகப் பழமலை, மருத்துவர் ரெஜினா மேரி, கருப்பியை இடுக்கிக்கொண்டு கொளஞ்சியம்மாள். வெளியே புங்கமரத்தடியில் ஊர். ஊருக்கு நடுவே ஒத்தை குந்தியிருந்தது, அதன் முதுகு நிழலில் பெண்கள் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்லை எடுத்தீங்களாம்மா?" என்று தாசில்தார் கேட்டார்.

"எடுத்தேங்கய்யா."

வக்கீல் புன்னகையோடு கோப்பை மூடினார். தாசில்தார் மருத்துவரை அழைத்து, இது கனிமமா, மிருகமா, கோழியா, ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார். ஒரு வார்த்தையில் முடியாது என்றார் ரெஜினா மேரி.

"கறி தின்னும் டைனோசருங்க ஒரே குடும்பமில்ல சார், பல வகையறா. எல்லாம் ரெண்டு காலு, மூணு விரலு, பொந்து எலும்பு. ஒரே முப்பாட்டன்கிட்டேருந்து பிரிஞ்சு வந்ததுங்க. பெரிய ஒடம்பு, சூம்பின கையி, இது ஒரு வகையறா. இந்த நாடு அப்பத் தனியாக் கடல்ல மெதந்துட்டிருந்துச்சு, அதுமேல இதுங்கதான் ராஜா மாதிரி. இன்னொரு வகையறா சின்ன ஒடம்பு, நீளக் கையி, மேல இறகு. அந்தக் கையிதான் இறக்கையாச்சு. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முந்தி எல்லா வகையறாவும் பூண்டோட போச்சு. அந்தச் சின்ன வகையறாவுல கொஞ்சம் மட்டும் தப்பிச்சுது. அதுதான் காக்கா, குருவி, கோழி எல்லாம்."

"அப்போ இது கோழிக்குப் பாட்டனா?"

"இல்ல சார். நேர் வம்சமில்ல. பங்காளி முறை."

பங்காளி என்றதும் மரத்தடியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஒரு வகையறா வாரிசில்லாமல் அற்றுப்போனால் அடுத்த பங்காளிதான் கொள்ளி வைக்க வேண்டும், சொத்துக்கும் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உலகத்தில் ஒத்தைக்கு மிஞ்சிய ஒரே உறவு கோழியும் மற்றப் பறவைகளும்தான். அவர்களுக்குள்ளேயே இதைப் பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

வக்கீல் எழுந்தார். "கோழி என்றால் இறகு எங்கே?"

கொளஞ்சியம்மாள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கருப்பியைத் தூக்கி அதன் காலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்னாங்க, இறகா? செதிலுதானே? கோழிக்குக் காலோட நின்னுபோச்சு, இதுக்கு மேல வரைக்கும் போயிருக்கு. கிராப்புக் கழுத்துக் கோழிக்குக் கழுத்துல இறகில்ல, அதக் கோழியில்லன்னு யாரும் தள்ளி வெக்கல."

"கோழி கோழியைத் தின்னுமா? இது தின்கிறதே?"

"என் கடைவாசல்ல வந்து நில்லுங்க, நான் தூக்கிப் போடற கொடலுக்கு எந்தக் கோழி மொதல்ல ஓடி வருதுன்னு பாருங்க." பழமலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "பங்காளியத் திங்காத குடும்பம் எதுங்க இந்த ஊர்ல? இவங்கூடத்தான் அண்ணன் பாகத்தத் தின்னான். மனுசனில்லன்னு சொல்லிட்டமா?"

மரத்தடியில் எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. அதற்குள் இரண்டு மணி ஆகிவிட்டது. தினமும் இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள், அதற்கு முன் சங்கு ஊதும். சங்குச் சத்தம் கேட்டதும் ஒத்தை எழுந்தது, நிழலில் இருந்த பெண்கள் அலுத்துக்கொண்டே முறங்களை நகர்த்தினார்கள், அது சேவை மையத்தின் வாசலில் தலையை நுழைத்து, மேசைக்குப் பக்கத்தில் நின்ற கொளஞ்சியம்மாளின் கையிலிருந்த கருப்பியைத் தேடியது. கருப்பி கீழே குதித்தது, நான்கு குரல் கொக்கரித்தது, ஒரு பக்கத்து இறக்கையைத் தூக்கியது. கதவளவு இருந்த அந்தத் தலை தரையோடு தரையாகத் தாழ்ந்து, மூக்கு நுனியை மட்டும், அவ்வளவுதான் கொள்ளும், அந்த இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. வெடி வெடித்தது. ஜன்னல்கள் அதிர்ந்தன. தாசில்தார் நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தார். எழுத்தர் இதைப் பதிய வேண்டுமா என்று கேட்டார். கோழி இறக்கையைத் தூக்கியது வரை பதியலாம் என்றார் தாசில்தார்.

"உணர்ச்சிக்கு இதில் இடமில்லை" என்றார் சுவரோடு ஒட்டி நின்ற வக்கீல். "கல் எங்களுடையது. அதை அந்த அம்மாவே ஒப்புக்கொண்டாயிற்று."

"ஆமாங்கய்யா" என்றாள் கொளஞ்சியம்மாள். "இல்லன்னு சொல்லல. அவங்களுது என்கிட்ட வந்துச்சு. என் கோழி அடை காத்துச்சு." பழமலையின் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தி, பண்டிகை நாளில் கொழுந்தனைச் சாப்பிடக் கூப்பிடுகிறவள் போலக் கேட்டாள். "ஏண்டா பழமலை, ஒங்கம்மா எத்தன தடவ அடுத்த வூட்டுக் கோழிக்கு வாரத்துக்கு அடை வச்சிருக்கு. நீதானே கூடையத் தூக்கிட்டுப் போவ. என்னா வழக்கம், ஐயாவுக்குச் சொல்லு."

வாரத்துக்கு அடை என்றால், முட்டை ஒரு வீட்டுடையது, கோழி இன்னொரு வீட்டுடையது, பொரித்த குஞ்சில் ஆளுக்குப் பாதி. குஞ்சு பிரிக்கிற நாளில் அந்த ஊரில் நடக்காத சண்டை இல்லை, பழமலை அந்தச் சண்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். பாகம் என்ற பேச்சு காதில் விழுந்தால் அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும்.

"முட்டக்காரனுக்குப் பாதி!" என்று எழுந்து நின்றான். "அப்பிடி வா வழிக்கு. முட்ட எங்களுது. ஐயா, எழுதிக்கங்க, கம்பெனி முட்ட. பாதி எங்களுக்கு வந்தாவணும்!"

வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் கையைத் தட்டிவிட்டான். "இருங்க சார், ஒங்களுக்கு இந்த வெவகாரம் புரியாது. வுட்டா முழுசா முழுங்கிருவா."

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "எது கம்பெனியுடையது?"

"முட்டைங்கய்யா."

"கல் இல்லையா?"

"கல்லு எங்கயாச்சும் பொரிக்குமாங்கய்யா? முட்ட!"

எழுத்தர் எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னார் தாசில்தார், எழுத்தர் வாசித்தார், பழமலை சரியென்று தலையாட்டிவிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்புக்கல்லும் மற்றக் கனிமங்களும் என்றுதான் குத்தகைப் பத்திரத்தில் இருந்தது. முட்டை என்று எங்கும் இல்லை.

"சரி, முட்டைக்குப் பாதி" என்றார் தாசில்தார், சொந்த ஊர் ஞாபகம் வந்தவர்போல. "இங்கே பொரித்தது ஒன்றுதானே. ஒற்றையாக வந்தால் என்ன செய்வீர்கள்?"

பழமலை விரலை மடக்கி எண்ணப் போனான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மரத்தடியிலிருந்து, முறத்தைக் கீழே வைக்காமலே, பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஒத்தக் குஞ்சு கோழிக்காரிக்கு!"

பாதியாகப் பிரிக்கும்போது மிஞ்சுகிற ஒரு குஞ்சு, இருபத்தொரு நாள் தீனி போட்டவளுக்கு. அந்த ஊரில் எழுதி வைக்காமலே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே ஒரு சட்டம் அது. அதற்கு மட்டும் யாரும் இதுவரை மேல்முறையீடு போனதில்லை.

உத்தரவு இரண்டு வாரம் கழித்து வந்தது. மனுதாரர் தரப்பே பொருள் முட்டை என ஒப்புக்கொண்டிருப்பதாலும், கால்நடைத் துறையின் தடுப்பூசிப் பதிவேட்டில் கோழி எனப் பதிவாகியிருப்பதாலும், கனிமத் திருட்டுக்கு முகாந்திரமில்லை என்று அதில் இருந்தது. நிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் கேட்கவுமில்லை. அதற்குத் தனியாக மனு எழுதி வைத்திருந்தாள், வாரிசுப் பட்டியலில் விட்டுப்போன பெயரைச் சேர்க்கக் கோரி. உத்தரவு வந்த அன்றே தாலுகா அலுவலகம் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒத்தையும் கூடப் போயிற்று. அலுவலக வாசலில் அது உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்துக்குள் மனுவுக்கு ரசீது கிடைத்தது.

கம்பெனி முகப்பில் கட்டிய கண்ணாடிப் பெட்டியில் இப்போது ஒரு லாரியின் மாதிரி இருக்கிறது. பழமலை ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போலக் கடைக்கு வருகிறான். முதல் தடவை வந்தபோது, ஒத்தையைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அரைக் கிலோ போடு அண்ணி" என்றான்.

"பாதிக் கணக்கெல்லாம் இனிமே இங்க கெடையாது" என்றாள் கொளஞ்சியம்மாள். "ஒரு கிலோவா வாங்கு."

வாங்கிக்கொண்டுதான் போனான்.

2025 ஜனவரி 22, புதன்கிழமை காலை பத்தரைக்குக் கால்நடைக் கணக்கெடுப்புக்கு வந்த ஊழியர், கொளஞ்சியம்மாள் வீட்டுப் பட்டியில் முப்பது கோழிகளை எண்ணி, சரிதானா என்று கேட்டார். அவள் பட்டிக்கு வெளியே கை காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்தார், திருத்தினார். நாட்டுக்கோழி: முப்பத்தொன்று.